ரோட்ஸ்டர் மிதிவண்டிப் பராமரிப்பு

ரோட்ஸ்டர் மிதிவண்டிப் பராமரிப்பு என்பது, நாள்தோறும் வேலைக்கும் சந்தைக்கும் ஓட்டப்படும் எஃகு மிதிவண்டியைப் பல ஆண்டுகள் பயன்பாட்டில் வைத்திருப்பதற்கான பழுதுபார்ப்பையும் உறுப்பு மாற்றங்களையும் குறிக்கும். பிரித்தானியாவில் உருவான இவ்வகை வண்டி, சென்னை அம்பத்தூரில் 1949 இல் தொடங்கப்பட்ட டிஐ சைக்கிள்ஸ் போன்ற நிறுவனங்களால் இந்தியாவில் பெருமளவில் உற்பத்தி செய்யப்பட்டது. 28 அங்குலச் சக்கரம், ராடு பிரேக் எனப்படும் கம்பி நிறுத்தி, ஒற்றைப் பற்சக்கரம் ஆகியன இதன் அடையாளங்கள். இதன் சட்டகம் எளிதில் கெடுவதில்லை. தேய்பவை மற்ற உறுப்புகளே.

சங்கிலி

"செயின் நீண்டுவிட்டது" என்று சொல்வது வழக்கமெனினும் அதன் தகடுகள் நீள்வதில்லை. இணைப்பு ஊசிகளும் அவை சுழலும் துளைகளும் தேய்வதாலேயே மொத்த நீளம் கூடுகிறது. அடுத்தடுத்த இரு ஊசிகளுக்கு இடைப்பட்ட தூரம் அரை அங்குலம். ஆகவே புதிய சங்கிலியில் 24 இணைப்புகள் சரியாக 12 அங்குலம் இருக்கும். இது 1/16 அங்குலம் கூடியதும் சங்கிலியை மாற்றுவது நல்லது. 1/8 அங்குலம் வரை விட்டுவிட்டால் பற்சக்கரப் பற்களும் தேய்ந்து கொக்கி போலாகிவிடும். பின்னர் புதுச் சங்கிலி பழைய பற்களில் வழுக்கும். பற்சக்கரங்களையும் சேர்த்தே மாற்ற நேரிடும். எண்ணெய் விட்டபின் வெளிப்புறத்தைத் துணியால் துடைக்க வேண்டும். வெளியே தங்கும் எண்ணெய் மணலைப் பிடித்து உராய்வுப் பசையாக மாறும்.

அச்சுகள்

சக்கர அச்சு, மிதிகட்டை அச்சு ஆகியவற்றைக் கழற்றிக் குண்டுகளைக் கழுவிப் புதுக் கிரீசு இடுவதைச் சைக்கிள் கடைகளில் "ஓவராயில்" என்பர். இடப்பக்க மிதிகட்டையின் மரை மட்டும் எதிர்த்திசையில் அமைந்தது. வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். இதையறியாமல் மரையை அழித்தவர் பலர்.

மிதிகோலை அச்சுடன் பிணைக்கும் காட்டர் பின் தளர்ந்தால் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு தட்டல் உணரப்படும். தொடர்ந்து ஓட்டினால் மிதிகோலின் துளையே அகன்று, புதிய பின்னும் நிற்காது.

மேம்படுத்தல்கள்

மிக மலிவான மாற்றம் பின் பற்சக்கரமாகும். முன்னே 44 பற்களும் பின்னே 18 பற்களும் உள்ள வண்டியில் பின்னதை 20 பற்களாக்கினால் மிதிக்க வேண்டிய விசை ஏறத்தாழ 10 விழுக்காடு குறையும். வேகமும் அவ்வளவு குறையும்.

நிறுத்தியை மாற்றுவது கடினம். ஆயினும் மழையில் எஃகு ரிம் நனைந்தால் பிரேக் பிடிக்கும் தூரம் வெகுவாகக் கூடுவதால், இதுவே மிகவும் தேவையான மாற்றம் எனலாம். ராடு பிரேக்கின் கட்டைகள் ரிம்மின் உட்புறத்தை அழுத்துபவை. பக்கவாட்டில் கவ்வும் நிறுத்திக்குத் தட்டையான பக்கங்கள் உடைய அலுமினிய ரிம் வேண்டும். ரோட்ஸ்டர் ரிம்மின் அளவு 635 மில்லிமீட்டர். 622 மில்லிமீட்டர் ரிம் பொருத்தினால் நிறுத்திக் கட்டைகள் 6.5 மில்லிமீட்டர் கூடுதலாக எட்டுமாறு நிறுத்தியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

6 வோல்ட், 3 வாட் டைனமோவில் பின்விளக்கு எரிந்து போனால் முன்விளக்கின் இழைக் குமிழும் மிகை மின்னழுத்தத்தால் எரிந்துவிடுவதுண்டு. டைனமோவுக்கென வடிவமைத்த எல்ஈடி விளக்குகள் அதே மின்சாரத்தில் கூடுதல் ஒளி தருகின்றன.