புதுக் கத்தியின் மேல்பூச்சு

எவர்சில்வர் வந்த பிறகு நாம் மறந்துபோன இரும்புக் கத்தி, அதாவது கார்பன் எஃகுக் கத்தி, இப்போது மறுபடி நம் தில்லி வீடுகளுக்குள் வந்துகொண்டிருக்கிறது. கூர் நன்றாக ஏறும், தீட்டுவதும் சுலபம். துருப்பிடிக்கும் என்பதுதான் குறை. கிடங்கிலும் வழியிலும் துரு ஏறாமலிருக்கத் தயாரிப்பாளர் எண்ணெயோ, நிறமற்ற வார்னிஷோ, கறுப்புப் பெயின்டோ பூசி அனுப்புகிறார். காய் நறுக்க நறுக்க அது செதில் செதிலாக உரிந்து பொரியலில் விழும். ஆகவே எடுத்துவிட்டுத்தான் கத்தியைப் புழங்க வேண்டும்.

இது பற்றி என்னிடம் கேட்ட சங்கத்து அன்பர்கள் பலருக்கும் தோன்றிய யோசனை ஒன்றுதான்: "காஸ் அடுப்பில் காட்டினால் கருகி உதிர்ந்துவிடாதா, சார்?" உதிரும். கூடவே கத்தியும் போய்விடும்.

காரணம் சொல்கிறேன். எஃகைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் மிகவும் கடினமாகும்; ஆனால் கண்ணாடி போல உடையும். எனவே அதைத் திரும்ப ஏறக்குறைய 200 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கி, அந்த விறைப்பைக் கொஞ்சம் தளர்த்துவார்கள். கொல்லர் துவைச்சல் என்பார். ரயில்வே பட்டறையில் நாங்கள் டெம்பர் என்போம். அந்த அளவுக்கு மேல் சூடு ஏறினால் எஃகு மேலும் இளகும். நிறமே அதைக் காட்டிக்கொடுக்கும்: துலக்கிய எஃகு 230 டிகிரி வாக்கில் வைக்கோல் நிறமாகும், 300 வாக்கில் நீலம். ஸ்பிரிங்குக்கு நீலம் பொருத்தம். கத்திக்கு அது அதிகம். காஸ் ஜுவாலையோ ஆயிரம் டிகிரிக்கும் மேல். காகிதம் போல் மெலிந்த விளிம்பு சில விநாடிகளில் நீலத்தைத் தாண்டிவிடும். பிறகு எத்தனை சாணை பிடித்தாலும் கூர் நிற்காது. மின்சாரக் கிரைண்டரிலும் இதே ஆபத்துதான். கையால் தேய்த்தால் கை பொறுக்காத சூடு வராது. கை வேலைதான் நல்லது என்று நான் சொல்வது இதனால்தான். பழைய காலத்து ஆள் என்பதனால் அல்ல!

முதலில் எந்தப் பூச்சு என்று பாருங்கள். தின்னரில், அல்லது நகப்பாலிஷ் அழிக்கும் திரவத்தில், துணியை நனைத்து ஓர் ஓரத்தில் துடையுங்கள். (அடுப்பு எரியும் இடத்தில் அல்ல, பால்கனியில்.) பிசுக்கு வந்தால் வெறும் எண்ணெய்; வெந்நீரும் சோப்பும் போதும். பசை போல் ஒட்டினால் வார்னிஷ்; அதே துணியால் நாலைந்து முறை துடைத்தால் போய்விடும். எதுவும் அசையாவிட்டால், தீட்டிய விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். பூச்சு முடியும் இடத்தில் மெல்லிய படி தெரிந்தால் அது சூளையில் சுட்ட பெயின்ட். படி தெரியாவிட்டால் இரும்பையே ரசாயனத்தால் கறுக்க வைத்தது. அது செதிலாக உரிவதில்லை, விட்டுவிடுங்கள். பச்சை, சிவப்பு என்று வரும் ஒட்டாப் பூச்சுக் கத்தி உரியத் தொடங்கினால் தூக்கிப் போடுங்கள். அதை மட்டும் அடுப்பில் காட்டவே கூடாது. அந்தப் புகை நமக்கும் நச்சு, கூண்டுக் கிளி வைத்திருப்பவர் வீட்டில் கிளியே செத்துப்போகும்.

சுட்ட பெயின்டுக்குக் கடைக்காரர் பெயின்ட் ரிமூவர் தருவார். பலவற்றில் மெத்திலீன் குளோரைடு இருக்கிறது. மூடிய அறையில் அதன் ஆவி உயிரையே வாங்கும். அமெரிக்காவில் 2019-இல் பெயின்ட் எடுக்க அதைப் பொதுமக்களுக்கு விற்பதையே தடைசெய்தார்கள். ஒரு கத்திக்காக அது வேண்டாம்.

நீரில் நனைத்துத் தேய்க்கும் கறுப்பு உப்புத்தாள் 220, 400, 600 நம்பர்களில் ஒவ்வொன்று வாங்குங்கள். விளிம்பின் மேல் இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்று ஒட்டி, கத்தியைப் பலகையில் படுக்க வைத்து, பிடியைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். உப்புத்தாளை ஒரு சின்ன மரக்கட்டையில் சுற்றி, பிடியிலிருந்து நுனி நோக்கி நீளவாக்கில் ஒரே திசையில் தேய்க்க வேண்டும். குறுக்கே விளிம்பை நோக்கித் தேய்ப்பவர்கள்தான் விரலை அறுத்துக்கொள்கிறார்கள். பெயின்ட் தூள் பறக்காமலிருக்கத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருங்கள். 220-இல் கறுப்பு முழுவதும் போன பிறகுதான் 400. அவசரப்பட்டு நம்பர் மாறினால் கீறல் அப்படியே நிற்கும். இரண்டு மாலை வேலை.

உள்ளே இருப்பது துருப்பிடிக்காத எஃகோ என்று சந்தேகமா? காந்தம் உதவாது, கத்திக்கான எவர்சில்வரிலும் அது ஒட்டும். ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பத்து நிமிஷம் பாருங்கள். கறுத்தால் கார்பன் எஃகு.

அப்படியானால் அலம்பியதும் உடனே துடைத்து, தேங்காயெண்ணெய் தடவி வையுங்கள். தில்லிக் குளிரில் அது உறைந்திருக்கும், விரலால் தேய்த்தாலே இளகிவிடும். நல்லெண்ணெய் நாளடைவில் பிசினாகும். வெங்காயமும் வாழைக்காயும் நறுக்க நறுக்க அலகில் நீலமும் சாம்பலுமாக ஒரு கறை படரும். வீட்டில் அதைத் துரு என்று நினைத்துச் சபீனா போட்டுத் தேய்ப்பார்கள், தடுத்துவிடுங்கள். துரு என்றால் சிவப்பாக இருக்கும். இந்தக் கறை துருவைத் தள்ளிப்போடுவது. நாம் உரித்தெடுத்த பூச்சின் வேலையை இனி ஓரளவு இது பார்த்துக்கொள்ளும்.