மேற்பார்வையாளரிடம் சொல்லாமல் விட்டவை

மனநல ஆலோசகராக விரும்புபவர் பாடம் படித்துத் தேர்வு எழுதினால் மட்டும் போதாது. மனம் நொந்து வருபவர்களோடு நேரில் அமர்ந்து பேச வேண்டும். பேசியதை அனுபவமுள்ள ஒரு மேற்பார்வையாளரிடம் எடுத்துச் சொல்லித் திருத்திக்கொள்ள வேண்டும். அந்த அறைக்குள் மேற்பார்வையாளர் பெரும்பாலும் இருப்பதில்லை. மாணவர் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

மாணவர் எல்லாவற்றையும் சொல்கிறாரா?

1996ல் அமெரிக்காவில் நிக்கோலஸ் லடானி, கிளாரா ஹில் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பயிற்சியில் இருந்த 108 பேரிடம் இதைக் கேட்டார்கள். 97 விழுக்காட்டினர் எதையாவது சொல்லாமல் விட்டிருந்தனர். மேற்பார்வையாளர் மீதே இருந்த மனக்குறைதான் அதில் முதலிடம். ஆலோசனையின்போது தாங்கள் செய்த தவறுகளும் அதில் இருந்தன. பெரும்பாலும் யாரும் பொய் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை, இவர் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஆனால் அதே விஷயத்தைச் சக மாணவரிடமோ நண்பரிடமோ சொல்லியிருக்கிறார்கள்! சரியாகப் பாடமாகாத பக்கம் வரும்போது உஸ்தாதின் கண்ணில் படாமல் நழுவும் பிள்ளையை நாமும் பார்த்திருக்கிறோம்.

காரணம் புரியாததல்ல. கற்றுக்கொடுப்பவரும் அவரே, மதிப்பெண் போடுபவரும் அவரே.

ஒரு பெண் தன் கணவர் அடிப்பதைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கேட்கும் மாணவி பதறிப்போய்ப் பேச்சை மாற்றிவிடுகிறார். இதை மேற்பார்வையாளரிடம் சொன்னால், "எது உங்களைப் பயமுறுத்தியது?" என்ற கேள்வியிலிருந்து பாடம் தொடங்கும். சொல்லாவிட்டால் அடுத்த முறையும் பேச்சு மாறும். அந்தப் பெண் வாய் திறப்பதையே நிறுத்திவிடலாம். நஷ்டம் அவருக்குத்தான்.

அப்படியானால் மேற்பார்வையாளர் அன்பாக இருந்தால் போதுமா? போதாது. எட்வர்ட் போர்டின் 1983ல் இந்த உறவை விளக்கியபோது மூன்றைச் சொன்னார். எதைக் கற்பது என்பதில் உடன்பாடு, எப்படிக் கற்பது என்பதில் உடன்பாடு, இருவருக்கும் இடையே பிணைப்பு. "நல்லா செய்றம்மா" என்று ஒவ்வொரு முறையும் தட்டிக்கொடுத்து அனுப்புபவரிடம் பிணைப்பு இருக்கலாம், திருத்தம் நடக்காது. குறையை மட்டுமே தேடுபவரிடமோ மாணவர் தன் நல்ல பக்கத்தை மட்டும் காட்டுவார்.

எதை வைத்து மதிப்பிடுவோம் என்பதை மேற்பார்வையாளர் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. ஆலோசனைக்கு வந்தவரின் சம்மதத்தோடு எடுத்த ஒலிப்பதிவை இருவரும் சேர்ந்து கேட்கலாம். "எங்கே தடுமாறினீர்கள்?" என்று கேட்பதற்கு முன், தான் தடுமாறிய ஒரு சம்பவத்தை மேற்பார்வையாளரே சொல்லலாம். மாணவரின் நாவு அவிழ அது உதவும்.