பெட்டிமேல் எழுதிய எழுத்து

கண்டியிலிருந்து ஹந்தானை மலையேறினால் பழைய ஸ்டோர் ஒன்றில் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலையை மலையகத்தில் ‘ஸ்டோர்’ என்றுதான் சொல்வார்கள். ஒரு காலத்தில் இப்படியான ஸ்டோர்களிலிருந்து தூள் பலகைப் பெட்டிகளில் போனது. பெட்டிமேல் பி.ஓ.பி., டஸ்ட் என்று எழுத்துக் குத்தியிருக்கும். எழுத்து சொல்வது இலைத்துண்டின் அளவை, சுவையை அல்ல. (பி.ஓ.பி.யின் ‘ஓ’ என்பது ‘ஆரஞ்சு’ என்ற சொல், ஆனால் உள்ளே தோடம்பழம் இல்லை.)

மென்பொருள் எழுதுவோருக்கும் பெட்டிகளோடுதான் வேலை. பட்டியல் என்ற பெட்டியை ஒரு முறை செய்துவிட்டு, ‘எண்களின் பட்டியல்’, ‘பெயர்களின் பட்டியல்’ என்று மேலே எழுதிக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு ஜெனரிக்ஸ் என்று பெயர். ஒரே மொழிக்குள் இது அழகாக நடக்கும். ஒரு மொழியில் எழுதிய நிரல் வேறொரு மொழியின் நிரலிடம் பெட்டியைக் கைமாற்றும்போதுதான் எழுத்து என்ன ஆகும் என்ற கேள்வி வருகிறது.

ஜாவா மொழியில் அது அழிந்துபோகும். 2004இல் ஜெனரிக்ஸ் வந்தபோது, அதற்கு முன் எழுதிய நிரல்கள் கெடக்கூடாது என்று, கம்பைலர் சரிபார்த்து முடித்ததும் எழுத்தை அழித்துவிடும்படி செய்தார்கள். ஓடும் நேரத்தில் அது வெறும் பட்டியல். பழைய பாணி நிரல் ஒன்று பெயர்ப் பெட்டிக்குள் எண்ணைப் போட்டால் அப்போது யாரும் தடுக்கமாட்டார்கள். வேறெங்கோ அதைப் பெயர் என்று எடுப்பவர்தான் மாட்டிக்கொள்வார். மைக்ரோசாஃப்ட்டின் டொன் சைமும் அண்ட்ரூ கென்னடியும் 2005இல் வெளியான டொட்நெட் 2.0 தளத்துக்காக வேறு வழி எடுத்தார்கள். எழுத்தை நிரலை ஓட்டும் ஓடுதளமே நினைவில் வைத்திருக்கும். அதனால் அதன்மேல் ஓடும் சி ஷார்ப், விஷுவல் பேசிக் மொழிகள் அதே பெட்டியை எழுத்தோடு கைமாற்றலாம்.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு விடை தேடியிருக்கிறார்கள். கொழும்பின் டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் சஞ்சீவ வீரவரன, ஜேம்ஸ் கிளார்க் முதலானோர் உருவாக்கிய பாலரினா மொழியின் 1.0 பதிப்பு 2019இல் வந்தது. அது ஜாவா ஓடுதளத்தின்மேல் ஓடுகிறது. எழுத்தழிக்கும் மொழிதான் அதன் பக்கத்து வீடு. ஜாவாவின் சொந்தப் பொருள்கள் பாலரினாவுக்குள் ‘ஹாண்டில்’ என்ற மூடிய பெட்டியாகவே நுழையும். உள்ளே என்ன என்று பாலரினா ஊகிப்பதில்லை. தன் சொந்தப் பெட்டிகளிலோ எழுத்தைச் சூட்டுக்கோலால் போட்டதுபோல வைத்திருக்கிறது: எண் வரிசைக்குப் பொதுவான வேறு பெயர் சூட்டி, அதற்குள் சொல்லைத் திணித்தால் அந்த இடத்திலேயே நிரல் நின்றுவிடும்.

இதைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. ஜாவாப் பக்கம் எழுத்து அழிந்துவிடும் என்று தெரிந்தபின், அதைத் தனிச் சீட்டாக எழுதிப் பெட்டியோடு கையில் கொடுத்துவிடுகிறார்கள். சீட்டுக்கு ‘டைப்டெஸ்க்’ என்று பெயர். இணையத்திலிருந்து தரவு கேட்கும்போது, விடையை வாங்கும் மாறியை எந்த வகையில் அறிவித்தோமோ அந்த வகையைக் கம்பைலரே சீட்டில் எழுதி அனுப்பும். எல்லைக்கு அப்பால் ஜாவா நிரல் சீட்டைப் படித்து, வந்த தரவை அதற்கேற்ப மாற்றிப் பார்க்கும். பொருந்தாவிட்டால் பிழை என்று திருப்பிவிடும்.

ஆனால், சீட்டைப் பார்த்துத் திருப்பித் தரும் வகையை மாற்றும் சார்பின் உடலைப் பாலரினாவிலேயே எழுத முடியாது. அது வெளி மொழியில்தான் இருக்கவேண்டும் என்பது விதி. சொந்த வீட்டுக்குள் செய்ய முடியாததை வேலிக்கு அந்தப் பக்கம் ஆள் வைத்துச் செய்துகொள்வது எனக்கு இன்னும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.