ஒரே மாத்திரை, இரண்டு விலை



துவரம் பருப்பானாலும் மண்டை வெல்லமானாலும் நம் கணக்கு ஒன்றுதான். கொள்முதல் விலை, லாரி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி, வட்டி, சேதாரம் எல்லாவற்றையும் கூட்டி, அதற்குமேல் ஒரு லாபம் வைத்து விற்கிறோம். லாபத்தைக் கூட்டி வைத்தால் வாடிக்கையாளர் எதிர்க் கடைக்குப் போய்விடுவார். எதிர்க் கடையே இல்லாவிட்டால் விலை எங்கே போய் நிற்கும்? உயிர் காக்கும் ஒரு மாத்திரை இதை நமக்குக் கற்றுக் கொடுத்தது.

2008-ஆம் ஆண்டு. நம் மண்டியில் பேரேடு எழுதி வந்த கணக்கப்பிள்ளைத் தம்பிக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. இடது விலாவுக்குக் கீழே வயிறு கனத்திருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் வெள்ளை அணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகியிருப்பது தெரிந்தது. சென்னைக்கு அழைத்துப் போனோம். எலும்பு மஜ்ஜையில் தோன்றும் ஒருவகை நாட்பட்ட ரத்தப் புற்றுநோய் என்றார் டாக்டர். தினம் ஒரு மாத்திரை, நிறுத்தாமல் சாப்பிட வேண்டும் என்றும் சொன்னார்.

மாதத்துக்கு எட்டாயிரம் ரூபாய் ஆகும் என்றதும் தம்பியின் முகம் வாடிவிட்டது. அவருடைய சம்பளமே ஆறாயிரம். "அண்ணாச்சி, இது நம்மால ஆகிற காரியமில்லை, ஊருக்குப் போயிடலாம்" என்றார். "இந்த எட்டாயிரமே ஒரு வழக்கினால் நின்றுகொண்டிருக்கிற விலை. கம்பெனி மாத்திரை என்றால் மாதம் ஒரு லட்சத்து இருபதாயிரம்" என்றார் டாக்டர். பத்தாம் வகுப்போடு மண்டிக்கு வந்துவிட்ட நமக்கு அது விளங்கவில்லை. பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டோம்.

ரத்தம் உற்பத்தியாகும் இடம் எலும்பு மஜ்ஜை. அங்குள்ள அணுவில் 9-ஆம் எண் குரோமோசோமும் 22-ஆம் எண் குரோமோசோமும் தங்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் இந்த நோய் வருகிறது. தவறான ஆர்டரை ரத்து செய்ய ஆளில்லாமல், மில்லிலிருந்து லோடு லோடாகச் சரக்கு வந்து இறங்குவது போல வெள்ளை அணுக்கள் வந்துகொண்டே இருக்கும். 1960-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவல், டேவிட் ஹங்கர்போர்டு என்ற இருவர் அந்தக் குறைபட்ட குரோமோசோமைக் கண்டார்கள். இரண்டு குரோமோசோம்களும் துண்டு மாற்றிக்கொண்டதே காரணம் என்பதை 1973-ல் ஜேனட் ரௌலி என்ற அம்மையார் கண்டறிந்தார்.

அந்தத் தவறான ஆர்டரை நிறுத்தும் மருந்துதான் இமாட்டினிப். சுவிட்சர்லாந்தில் உருவான இம்மருந்தை அமெரிக்க டாக்டர் பிரையன் டிரக்கர் 1998-ல் நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார். 2001 மே மாதம் அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. நோவார்ட்டிஸ் நிறுவனம் கிளிவெக் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதற்கு முன் பெரும்பாலோர் சில ஆண்டுகளே உயிர் வாழ்ந்த நோய் இது. மாத்திரை வந்தபின் சர்க்கரை வியாதிக்காரர் போல மருந்து சாப்பிட்டுக்கொண்டு வேலை பார்க்கலாம் என்றாயிற்று. அதைக் கண்டுபிடித்தவர்களுக்கு நம் வணக்கம் உரியது.

ஆனால் விலையைப் பாருங்கள். 2001-ல் அமெரிக்காவில் ஓராண்டு மருந்துக்குச் சுமார் 30,000 டாலர். 2012-ல் அது சுமார் 92,000 டாலர். சரக்கு அதேதான். வாங்குவோர் ஆண்டுக்காண்டு பெருகினார்கள். விற்பனை பெருகினால் விலை இறங்குவது நம் சந்தை வழக்கம், இங்கேயோ மூன்று மடங்கு ஏறியது. உலகம் முழுவதும் இதன் விற்பனை 2012-ல் 450 கோடி டாலரைத் தாண்டியது. 2013-ல் இந்நோய்க்குச் சிகிச்சை அளிக்கும் நிபுணர்கள் நூறு பேருக்கு மேல் ஒன்றுகூடி, இந்த விலை நியாயமில்லை என்று மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார்கள்.

நம் நாட்டில் மட்டும் எட்டாயிரத்துக்குக் கிடைத்தது எப்படி? 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி மருந்தின் செய்முறைக்குத்தான் உரிமை உண்டு, மருந்துப் பொருளுக்கு இல்லை. ஆகவே வேறு செய்முறையில் அதே மருந்தை நம்மவர்கள் தயாரிக்க முடிந்தது. உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்ததனால் 2005 முதல் மருந்துப் பொருளுக்கும் உரிமை கொடுக்கும்படி சட்டம் திருத்தப்பட்டது. அப்போது நாடாளுமன்றம் ஒரு பிரிவைச் சேர்த்தது. ஏற்கெனவே தெரிந்த பொருளின் புது வடிவம், குணத்தில் மேம்பட்டதாக இல்லாவிட்டால், அதற்குக் காப்புரிமை கிடையாது. நம் பாஷையில் சொன்னால், பழைய சரக்கைப் புதுச் சாக்கில் கட்டினால் அது புதுச் சரக்கு ஆகாது.

நோவார்ட்டிஸ் 1998-லேயே இமாட்டினிப்பின் ஒரு படிக வடிவத்துக்குச் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் மனுச் செய்திருந்தது. 2006 ஜனவரியில் அம்மனு தள்ளுபடியானது. அந்தப் பிரிவே செல்லாது என்று தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் தள்ளியது. மும்பையிலுள்ள புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் உள்நாட்டு மருந்துத் தயாரிப்பாளர்களும் எதிர்த்து நின்றார்கள். இறுதியாக 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. நம் தம்பி சென்னையில் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்த ஆண்டுகளில் அவருடைய ஆயுள் இந்த வழக்கில் தொங்கிக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் நமக்குப் புரிந்தது.

எதிர்த்தரப்பு நியாயத்தையும் தராசில் வைக்க வேண்டும். ஆராய்ச்சிக்குப் பணம் போடுகிறவனுக்கு வரும்படி இல்லையென்றால் அடுத்த மருந்து வராது. அந்நிறுவனம் நம் நாட்டில் பல்லாயிரம் நோயாளிகளுக்கு இம்மாத்திரையை இலவசமாகவே கொடுத்தது என்பதும் உண்மை. ஆனாலும் தர்மம் கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தது. கட்டுப்படியாகும் விலை என்றால் யாருடைய தயவும் தேவையில்லை. சம்பளக்காரனும் சிறுகடைக்காரனும் தன் காசில் வாங்கிக்கொள்ளலாம்.

அமெரிக்காவிலும் 2016 பிப்ரவரியில் போட்டி மாத்திரை வந்தது. அங்கே அதைக் கொண்டு வந்தது நம் நாட்டு சன் பார்மா. 2022-ல் மார்க் கியூபன் என்ற செல்வந்தர் தபால் வழி மருந்துக் கடை ஒன்றைத் தொடங்கினார். கொள்முதல் விலையை வெளிப்படையாக எழுதி, அதன்மேல் 15 சதவீதமும் சிறு கூலியும் மட்டும் வைத்தார். அங்கே இமாட்டினிப் மாதத்துக்கு 47 டாலர் என்று விற்பனைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்ற மாத்திரைதான் அது. மளிகைக் கடைக் கணக்குக்கு மருந்து வந்து சேர இருபது ஆண்டுகள் ஆயின.

இத்தோடு கதை முடியவில்லை. இமாட்டினிப் கேட்காத நோயாளிகளும் உண்டு. அவர்களுக்கான புதிய மருந்துகளில், 2021-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அசிமினிப் போன்றவை அங்கே இன்னும் காப்புரிமைக்குள் இருக்கின்றன. அவற்றுக்கும் எதிர்க் கடை வரும்வரை பலர் காத்திருக்க வேண்டியிருக்கும்.

நம் உறுப்பினர்களுக்குச் சொல்ல விரும்புவது இரண்டு. வீட்டில் யாருக்காவது பெரிய நோய் என்றால் விலையைக் கேட்டதும் மனம் தளர வேண்டாம். கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப் பெயரையும் டாக்டரிடம் எழுதி வாங்கி, குறைந்த விலையில் அதே மருந்து உண்டா என்று அவரிடமே கேளுங்கள். அவர் சொல்லாமல் மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம். இரண்டாவது, நம் கடைச் சிப்பந்திகளுக்காக ஒரு மருத்துவ நிதி வேண்டும். அன்று தம்பிக்கு முதல் ஓராண்டு மாத்திரைக்குப் பணம் சேர்ந்தது நம் கடைவீதி வியாபாரிகள் பதினோரு பேர் மாதாமாதம் கொடுத்ததால்தான்.

தம்பிக்கு இப்போது ஐம்பதை நெருங்குகிறது. மாத்திரை விலையும் இறங்கிவிட்டது, தன் சம்பளத்திலேயே வாங்கிக்கொள்கிறார். பேரேடு போய்க் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. இந்த மாதக் கணக்கையும் அவர்தான் முடித்துக் கொடுத்தார்.