ஸ்டென்ட் வைத்த பிறகு காய்ச்சல் வந்தால்



காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று எந்தக் குழுக் கூட்டத்துக்குப் போனாலும், "எங்க வீட்டுக்காரருக்கு ஸ்டென்ட் வச்சிருக்கு" என்று யாராவது ஒருவர் சொல்கிறார்கள். அரசு காப்பீட்டு அட்டை இருப்பதால் கூலி வேலை செய்பவர்களுக்கும் இந்தச் சிகிச்சை கிடைக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு எதைக் கவனிக்க வேண்டும் என்று நம்மில் பலருக்குத் தெரிவதில்லை.

ஸ்டென்ட் என்பது பேனா ஸ்பிரிங் மாதிரி ஒரு சின்னக் கம்பி வலை. மணிக்கட்டு அல்லது தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, இதய ரத்தக் குழாயில் உள்ள அடைப்பை பலூனால் விரித்து, அந்த இடத்தில் இதை வைத்துவிடுகிறார்கள். 1986-ல் பிரான்சில்தான் முதன்முதலாக மனிதருக்கு வைத்தார்கள்.

இந்த வலையில் கிருமி தொற்றுவது மிக மிக அபூர்வம். ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட வருவதில்லை. அதனால் பயந்துபோய் சிகிச்சையே வேண்டாம் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். ஆனால் வந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. படகின் அடியில் பாசி பிடிக்கிற மாதிரி கிருமி கம்பியில் படலமாக ஒட்டிக்கொள்ளும். மருந்து எளிதில் உள்ளே போய்ச் சேராது. ரத்தக் குழாயின் சுவர் பலவீனமாகி வீங்கும், இதயத்தைச் சுற்றிச் சீழ்கூடக் கட்டும். பெரும்பாலும் நம் தோலிலேயே இருக்கிற கிருமிதான் காரணம். ஊசி போட்ட இடம் வழியாக உள்ளே போகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல்.

ஸ்டென்ட் வைத்த சில நாட்களிலோ வாரங்களிலோ, சில சமயம் மாதங்கள் கழித்தோ, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், நெஞ்சு வலி வந்தால் "சாதாரண ஜுரம்" என்று விடக்கூடாது. குழாய் விட்ட இடம் சிவந்து வீங்கினாலும், சீழ் வந்தாலும் அப்படித்தான்.

இங்கேதான் நம் பழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. மெடிக்கல் ஷாப்பில் ரெண்டு நாளைக்கு மாத்திரை வாங்கிப் போட்டுவிடுகிறோம். எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க மருத்துவமனையில் ரத்தம் எடுத்துக் கல்ச்சர் பரிசோதனை செய்வார்கள். அதற்கு முன்பே அரைகுறையாக ஆன்டிபயாட்டிக் போட்டிருந்தால் கிருமி பரிசோதனையில் சிக்காமல் போகலாம். ஆனால் உள்ளே இருக்கும். கண்டுபிடித்தால் வாரக்கணக்கில் நரம்பு வழியாக மருந்து ஏற்றுவார்கள். சிலருக்கு ஆபரேஷனும் தேவைப்படும்.

இன்னொன்று. காய்ச்சல் வந்தது, புண்ணில் ரத்தம் கசிந்தது என்று, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் ஸ்டென்டிலேயே ரத்தம் கட்டி மாரடைப்பு வரலாம். தொற்றைவிட அதிகம் நடப்பது இதுதான்.

புண்ணில் மஞ்சள், காப்பித்தூள், வேப்பெண்ணெய் எதுவும் வேண்டாம். சுத்தமாக, ஈரமில்லாமல் இருந்தால் போதும். நம் ஊர் வெயிலில் தொடை இடுக்கு வியர்த்துக்கொண்டே இருக்கும், அடிக்கடி பாருங்கள். புண் ஆறும்வரை கடல் தண்ணீரில் இறங்குவது, ஐஸ் பெட்டி தூக்குவது கூடாது. ஸ்டென்ட் வைத்தது உங்களுக்கென்றால் தண்ணீர்க் குடத்துக்கும் இதே கணக்குதான். சமையல் முடியட்டும் என்று காய்ச்சலோடு நிற்காதீர்கள்.

பணம் இல்லை என்றால் மாதக் கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம். ஊக்குநரிடம் சொல்லி அவசர உள்கடன் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டை ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள். ஸ்டென்ட் வைத்த மருத்துவமனைக்கே அதை எடுத்துப் போங்கள். நெஞ்சு வலியும் இருந்தால் 108-ஐக் கூப்பிட்டு நேராக அவசரப் பிரிவுக்குப் போய், "ஸ்டென்ட் வச்சிருக்கு, காய்ச்சல் அடிக்குது" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.