பழைய மரக்கடைசல் லேத்துக்கு மாற்று மோட்டார்

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மரத்தொழில் நெடிய வரலாறு உடையது. சாத்தம் அரசு மர அறுவை ஆலை 1883-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. செந்நிறமும் உறுதியும் வாய்ந்த படாக் மரம் இத்தீவுகளின் தனிச்செல்வமாகும். 2002-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையால் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவது பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டது. ஆதலின், கிடைக்கும் மரத்தை வீணாக்காமல் கிண்ணம், விளக்குத் தண்டு போன்ற பொருள்களாக மாற்றும் கடைசல் தொழில் முக்கியத்துவம் பெறுகிறது.

வார்ப்பிரும்பால் ஆன பழைய லேத் பல்லாண்டுகள் உழைக்கும். முதலில் பழுதடைவது பெரும்பாலும் மோட்டாரே. மாற்று மோட்டார் சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல் கடந்து வரவேண்டியிருக்கலாம். தவறான மோட்டார் வந்து சேர்ந்தால் பட்டறை வாரக்கணக்கில் முடங்கும், கூலியும் நின்றுபோகும். எனவே பழைய மோட்டாரின் விவரத் தகட்டை முதலில் படித்துக் குறித்துக்கொள்வது அவசியம்.

முதலாவது, வேகம். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி உடையது. இதில் நான்கு துருவ மோட்டார் நிமிடத்திற்குச் சுமார் 1,440 சுற்றும், இரு துருவ மோட்டார் சுமார் 2,880 சுற்றும் சுழலும். நான்கு துருவ மோட்டார் இருந்த இடத்தில் இரு துருவ மோட்டாரைப் பொருத்திக் கப்பிகளை மாற்றாது விட்டால், லேத்தின் வேகம் இருமடங்காகும். 30 செ.மீ. விட்டமுள்ள கிண்ணம் 720 சுற்றில் சுழல்கையில் அதன் விளிம்பு விநாடிக்கு 11 மீட்டர் வேகத்தில் செல்லும். 1,440 சுற்றில் அது 22 மீட்டரைத் தாண்டும். மரத்தைச் சிதறச் செய்யும் மையவிலக்கு விசையோ நான்கு மடங்காகும். உயிருக்கே ஆபத்து விளையலாம்.

இரண்டாவது, மின்வசதி. இத்தீவுகள் நாட்டின் பொது மின்தொகுப்புடன் இணைக்கப்படவில்லை. டீசல் ஜெனரேட்டர்களே மின்சாரத்திற்கு முதன்மை ஆதாரம். மோட்டாரின் திருப்புவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் திருப்புவிசை 19 சதவீதம் குறையும். தொடக்கத்தில் மோட்டார் வழக்கமானதைப் போல் ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும் என்பதால், சொந்த ஜெனரேட்டர் வைத்திருப்போர் அதன் திறனையும் சரிபார்க்க வேண்டும். மும்முனை இணைப்பு உள்ள இடத்தில் மும்முனை மோட்டாரே சிறந்தது. ஒருமுனை இணைப்பு மட்டும் உள்ள இடத்தில், தொடங்குகையில் வலுத்தரும் கப்பாசிட்டர் மோட்டார் ஏற்றது.

மூன்றாவது, திறனும் அளவும். 30 செ.மீ. வரையிலான வேலைக்கு ஒரு குதிரைத் திறன், அதாவது ஏறத்தாழ 0.75 கிலோவாட், பொதுவாகப் போதுமானது. இத்திறனுள்ள நான்கு துருவ மும்முனை மோட்டாரின் வழக்கமான சட்டக எண் 80. அதன் தண்டு 19 மி.மீ. விட்டமுடையது. பழைய கப்பியின் துளை அங்குலக் கணக்கில் இருக்கக்கூடுமாதலால், வாங்குமுன் அளந்து பார்த்தல் நலம். சுழல் திசையும் கவனத்திற்குரியது. மாறிச் சுழன்றால் மரையில் திருகிய பிடிப்பான் கழன்றுவிடும். மும்முனை மோட்டாரில் இரு கம்பிகளை இடம் மாற்றினால் திசை சீராகும்.

நான்காவது, பாதுகாப்பு. உப்புக்காற்றும் நீண்ட மழைக்காலமும் மரத்தூளும் சேரும் இடத்தில் திறந்த மோட்டார் நிலைக்காது. முற்றிலும் மூடிய, வெளிவிசிறியால் குளிரும், ஐ.பி.55 காப்புத்தரம் கொண்ட மோட்டாரே ஏற்றது. பல நாள் ஓடாதிருந்த மோட்டாரை இயக்குமுன் மெக்கர் கருவியால் காப்புத்தடையைச் சோதிப்பது நன்று.

ஒரே வட்டாரத்துப் பட்டறைகள் ஒரே சட்டக அளவும் வேகமும் கொண்ட மோட்டார்களைத் தேர்ந்தால், பொதுவாக வைத்திருக்கும் ஒரே உதிரி மோட்டார் பல லேத்துகளுக்கு உதவும். கப்பலை எதிர்நோக்கிக் காத்திருக்கும் நாட்களும் குறையும்.