அழுத்திய எண் சென்றடையும் வழி

ஊவாவின் வெலிமடை, ஊவா பரணகமைப் பகுதிகளில் பெரும்போக நெல்லை அறுத்தபின் அவ்வயல்களிலேயே உருளைக்கிழங்கு நடுதல் வழக்கம். நமுனுகுல மலைச்சாரலிலோ தோட்ட லயங்களையொட்டிய துண்டு நிலங்களில் போஞ்சி, கோவா, தக்காளி முதலியன பயிராகின்றன. குளிரும் ஈரமும் ஒருங்கே நிலவும் நாட்களில் உருளைக்கிழங்கிலும் தக்காளியிலும் பிந்திய வெளிறல் நோய் தோன்றுமாயின், இலையில் நீர்கோத்த கபிலநிறப் புள்ளிகளும் காலை வேளையில் இலையின் அடிப்புறத்தே வெண்ணிறப் பூஞ்சணமும் காணப்படும். ஒரு வாரத்துள் தோட்டம் முழுவதும் கருகிவிடக்கூடும். அத்தகைய வேளையில் தக்க ஆலோசனையை அன்றே பெறுதல் இன்றியமையாதது.

அதற்காகவே விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் ஆலோசனைத் தொலைபேசிச் சேவை 2006ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. தனியார் தொலைபேசி நிறுவனமொன்றின் வாயிலாக ‘உழவர் தோழன்’ என்னும் குரற்செய்திச் சேவையும் தமிழில் வந்தது. வங்கி, மின்சாரம், ஆலோசனை என எதுவாயினும், இக்காலத் தொலைபேசிச் சேவைகள் பலவற்றில் முதலிற் பேசுவது மனிதரல்லர், பதிவுசெய்த குரலே. இந்த மொழிக்கு இந்த எண்ணை அழுத்துக என்று அது கூறும். செய்கையாளர் தமிழுக்குரிய எண்ணை அழுத்துகிறார்; குரலோ கேட்டதையே மீண்டும் கேட்கிறது, அல்லது அவர் அறியாத மொழியிற் பேசத் தொடங்குகிறது. தமக்குக் கருவியைக் கையாளத் தெரியவில்லையென எண்ணி அவர் தொலைபேசியை வைத்துவிடுகிறார். பலவேளைகளிற் குற்றம் அவருடையதன்று. அழுத்திய எண் வழியிலே தொலைந்து போயிருக்கும்.

பொத்தானை அழுத்தும்போது எழும் ஒலி ஒன்றன்று, இரண்டு. நிரைக்கு ஒரு சுருதி, நிரலுக்கு ஒரு சுருதி என இரண்டும் சேர்ந்தே ஒலிக்கும். 2ஆம் எண்ணுக்கு வினாடிக்கு 697 அதிர்வுள்ள ஒலியும் 1336 அதிர்வுள்ள ஒலியும்; 9ஆம் எண்ணுக்கு 852, 1477. ஒரு சுருதியே போதுமெனின், பேச்சோ பாட்டோ தற்செயலாக அச்சுருதியைத் தொட்டு எண்ணாகிவிடும், ஆகவேதான் இரண்டு. அமெரிக்காவின் பெல் நிறுவனத்தார் இம்முறையை 1963ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மக்கள் பாவனைக்கு விட்டனர். செப்புக் கம்பி வழியே குரல் செல்லும்வரை, இவ்வொலியும் குரலோடு குரலாகப் பழுதின்றிச் சென்றது.

இன்று குரல் இணையத்தின் வழியாகவும் செல்கிறது. கம்பித் தொலைபேசிக்கும் இணையத்துக்கும் இடையே நின்று ஒன்றை மற்றொன்றாக மாற்றும் கருவியைக் ‘கேட்வே’, அதாவது நுழைவாயில், என்பர். அது பெரும்பாலும் வினாடிக்கு 50 பொதிகளாகக் குரலைத் துணித்து அனுப்புகிறது. இடத்தைச் சுருக்கும் பொருட்டு, வினாடிக்கு 64,000 பிட் வேண்டிய குரலை 8,000 பிட்டில் அடக்கும் முறைகளும் உண்டு. இவை மனிதக் குரலுக்கென ஆக்கப்பட்ட அரிதட்டுகள். நெல்லுக்கென அமைந்த அரிதட்டிலே குரக்கனைக் கொட்டினால் என்னவாகும்? பேசுவது தெளிவாகக் கேட்கும். பொத்தானின் இரட்டை ஒலி மட்டும் சிதைந்து போகும். பேச்சுத் தெளிவாயிருப்பதால் இணைப்பில் குறையில்லையென நம்பிவிடுவதே இதிலுள்ள வஞ்சகம்.

இதற்கு மாற்றாக, ஒலியை அனுப்பாது, ‘இரண்டாம் எண் அழுத்தப்பட்டது, இவ்வளவு நேரம்’ என்று துண்டுச்சீட்டு எழுதுவதுபோல வேறு பொதியில் அனுப்பும் முறை வகுக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் வெளியான 2833ஆம் இலக்க இணைய ஆவணத்தில் அது விதிக்கப்பட்டு, 2006இல் 4733ஆம் இலக்க ஆவணத்தாற் திருத்தப்பட்டது. பொதிகள் வழியில் தவறக்கூடுமாதலால், பொத்தான் விடப்பட்டதென்னும் இறுதிச் சீட்டை மும்முறை அனுப்புவர். மூன்றிலும் நேரக்குறி ஒன்றே. அக்குறியைப் பாராத கருவி ஒரே அழுத்தலை மூன்றாக எண்ணிவிடும்.

அழைப்பு வேறிடத்துக்குத் திருப்பப்படும்போதே சிக்கல் மிகுகிறது. திருப்புதல் இருவகைப்படும். தலைமடையிலேயே நீரை வேறு வாய்க்காலுக்கு மறித்து விடுவது ஒன்று: ‘அவர் இங்கில்லை, அந்த இலக்கத்துக்குச் செல்க’ என அழைத்த கருவிக்கே சொல்லிவிட்டு, முதலாம் கருவி விலகிக்கொள்ளும். மேல்தட்டு வயலினூடாகக் கீழ்த்தட்டு வயலுக்கு நீர் இறங்குவது மற்றொன்று: முதலாம் கருவி விலகாது, தானே இரண்டாவது அழைப்பொன்றை எடுத்து இரண்டையும் நடுவில் நின்று இணைக்கும். இவ்விரண்டாம் வகையில், முதற்பாதியில் வந்த எண்ணைப் பிற்பாதிக்கு ஏற்ற வடிவில் மாற்றிக் கொடுக்கும் பொறுப்பு நடுக்கருவியுடையது. சீட்டுக்கு இடப்படும் அடையாள எண் அழைப்புத்தோறும் பேசி முடிவாவது. ஒரு பாதியில் 101 என்றும் மறுபாதியில் 96 என்றும் இருக்கலாம். மாற்றாமல் அப்படியே தள்ளிவிட்டால், அப்புறத்துக் கருவி அதனை இன்னதென்று அறியாது எறிந்துவிடும். சீட்டோடு ஒலியையும் தடுக்காது விட்டாலோ 2 என்பது 22 ஆகும். மொழி கேட்ட குரலுக்கு முதல் 2 விடையாக, அடுத்த வினாவுக்கு இரண்டாவது 2 தானே விடையாகிவிடுகிறது.

கைத்தொலைபேசியில் அழுத்துவோர் இன்னுமொன்றை அறிதல் நன்று. அவர்கள் காதிற் கேட்கும் ஒலி பெரும்பாலும் அவர்களுக்காக மட்டுமே எழுவது. எண்ணோ செய்தியாக வலையமைப்புக்குச் செல்கிறது. ஆகவே ஒலி கேட்டதனால் எண் சென்றதென்று கொள்ளலாகாது. குரல் கேள்வியை முடித்தபின், ஒரு முறை, அரை வினாடியளவு உறுதியாக அழுத்திவிட்டுப் பொறுத்திருத்தல் வேண்டும். பதற்றத்தில் மீண்டும் மீண்டும் அழுத்தின், தாமதித்து வரும் எண்கள் அடுத்த வினாவுக்குரியனவாகிவிடும். எண் ஏற்கப்படாதவிடத்து, எதையும் அழுத்தாது சிறிது காத்திருந்தால் அலுவலரிடம் இணைத்துவிடும் சேவைகளும் உள. எவ்வாறாயினும் தம் பிரிவின் விவசாயப் போதனாசிரியரது நேரடி இலக்கத்தைத் தாளில் எழுதி வீட்டில் மாட்டி வைத்தல் நலம். நோய் கண்ட வேளையில் அதனைத் தேடிக்கொண்டிருத்தல் ஆகாது.

கமக்காரர் அமைப்புகளும் கூட்டுறவுச் சங்கங்களும் தம் அலுவலகத்துக்கு இணையத் தொலைபேசி பெறும்போது, அலுவலகத்துள் இருந்தபடியே சோதித்துத் திருப்தியடைதல் போதாது. அழைப்பைத் திருப்பி விட்ட நிலையில், வெளியிலிருந்து ஒரு கைத்தொலைபேசியாலும் ஒரு கம்பித் தொலைபேசியாலும் அழைத்து, 0 முதல் 9 வரையும் நட்சத்திரக் குறியையும் சதுரக் குறியையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தல் வேண்டும். எல்லாம் ஒருமுறை மட்டுமே பதிந்தனவா என்பதைத் தொழினுட்பவியலாளர் முன்னிலையிற் கண்டபின்னரே பணத்தைச் செலுத்துக.